மே மாத வெயிலில் படகு கேக்: கிரீமை மறந்துவிடுங்கள்

கேள்வி: என் மகனுக்கு மே இரண்டாவது வாரம் ஐந்து வயது முடிகிறது. அவன் அப்பா படகுக்குப் போகிறவர். அதனால் படகு போல கேக் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். போன வருஷம் வீட்டிலேயே செய்த கேக்கில் கிரீம் வழிந்து, எழுதிய பெயர்கூடத் தெரியாமல் போய்விட்டது. ஓவன் இல்லை, குக்கரில்தான் செய்வேன். ஃப்ரிட்ஜும் சின்னது, ஒற்றைக் கதவு. முப்பது பிள்ளைகளாவது வருவார்கள். கடையில் சொல்லாமல் நானே செய்ய முடியுமா? (ஒரு வாசகி, தங்கச்சிமடம்)

பதில்: முடியும். போன வருஷம் கிரீம் வழிந்ததற்கு உங்கள் கை காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. மே மாதத்தில் நம் கடற்கரையில் நிழலிலேயே 33, 34 டிகிரி இருக்கும். வெண்ணெய் உருகுவதும் ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான். பால் கிரீமை அடித்துப் பொங்க வைத்தால் அதன் கொழுப்பு குளிர்ச்சியில்தான் கெட்டியாக நிற்கும்; குளிர் போனதும் காற்று இறங்கித் தண்ணீராகிவிடும். ஏசி அறையில் எடுத்த வீடியோவைப் பார்த்து அதே பூவைப் பாம்பன் பக்கம் ஒரு வீட்டுக் கூடத்தில் போட்டால் அது நிற்காது. அலங்காரத்தை முடிவு செய்ய வேண்டியது வானிலை. படத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கடையில் விற்கும் நான்-டெய்ரி விப்பிங் கிரீம் பால் கிரீமைவிடத் தாக்குப்பிடிக்கும், உண்மைதான். ஆனால் அதை ஃப்ரீசரில் வைத்து, பாதி உருகிப் பனித்துகள் இருக்கும்போதே அடிக்க வேண்டும். பாத்திரமும் பீட்டர் கம்பியும் சில்லென்று இருக்க வேண்டும். நடுவில் கரண்ட் போனால் அவ்வளவுதான். சின்ன ஃப்ரிட்ஜை வைத்துக்கொண்டு மே மாதம் அந்த வம்பு வேண்டாம் என்பது என் கருத்து. கேக்மேல் மாவு போலத் தேய்த்துப் போர்த்துகிற ஃபாண்டன்ட்டும் வேண்டாம். அது முழுக்கச் சர்க்கரை. கடல் காற்றின் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துவிடும், தொட்ட இடமெல்லாம் விரல் பதியும். ஒரு மீனோ நங்கூரமோ செய்ய ஆசையாக இருந்தால் 100 கிராம் ஃபாண்டன்ட்டில் கால் டீஸ்பூன் சிஎம்சி பவுடர் (ஃபாண்டன்ட்டை இறுகக் காயவைக்கும் பொடி) பிசைந்து முந்தின நாளே செய்து காய வையுங்கள். அதை மட்டும் ஃப்ரிட்ஜுக்குள் கொண்டுபோகாதீர்கள்.

உங்களுக்கு ஏற்றது சாக்லேட் கனாஷ், அதாவது சாக்லேட்டும் கிரீமும் சேர்ந்த பூச்சு. படகு கேட்கிறான் என்பதே பாதி வேலையைக் குறைத்துவிடுகிறது. மரப்படகின் நிறம் சாக்லேட்டில் தானாகவே வந்துவிடும். இதற்கு விலை உயர்ந்த அசல் சாக்லேட் தேவையில்லை. அதிலிருக்கும் கோக்கோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகிவிடும். டார்க் காம்பவுண்ட் என்று கட்டியாக விற்பதில் அதற்குப் பதில் தாவரக் கொழுப்பு இருக்கிறது. ருசியில் ஒரு படி குறைவுதான், ஆனால் சூட்டைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும்.

அளவு முக்கியம். சாதாரணமாக இரண்டு பங்கு சாக்லேட்டுக்கு ஒரு பங்கு கிரீம் என்பார்கள். வெயில் காலத்துக்கு மூன்றுக்கு ஒன்று. 400 கிராம் காம்பவுண்டைப் பொடியாக நறுக்கி வையுங்கள். 135 கிராம் ஃப்ரெஷ் கிரீமை ஓரத்தில் குமிழ் வரும்வரை மட்டும் சூடாக்கி, கொதிக்க விடாமல் அதன்மேல் ஊற்றுங்கள். இரண்டு நிமிடம் தொடாதீர்கள். பிறகு நடுவிலிருந்து மெதுவாகக் கிளறினால் பளபளப்பாகச் சேரும். கட்டி நின்றால் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் கொஞ்ச நேரம் வையுங்கள். எண்ணெய் பிரிந்தால் ஒரு ஸ்பூன் சூடான பால் விட்டுக் கிளறினால் பெரும்பாலும் கூடிவிடும். மூடி ஒரு ராத்திரி வெளியிலேயே வைத்தால், கரண்டியில் எடுக்கும்போது ஒழுகாத பதத்துக்கு வந்திருக்கும்.

கேக்குக்கு முட்டை இல்லாத தயிர் கேக் போதும். வருகிற பிள்ளைகளில் யார் முட்டை சாப்பிடுவார்கள் என்று விசாரிக்க வேண்டியதில்லை. ஒரு பங்கு அளவு இது: மைதா ஒன்றரை கப், சர்க்கரை முக்கால் கப், அதிகம் புளிக்காத கெட்டித் தயிர் ஒரு கப், வாசனையில்லாத எண்ணெய் அரை கப், பேக்கிங் பவுடர் ஒன்றேகால் டீஸ்பூன், சோடா உப்பு அரை டீஸ்பூன், வெனிலா எசன்ஸ் ஒரு டீஸ்பூன். தயிரில் சர்க்கரையைக் கரைத்து, பேக்கிங் பவுடரும் சோடா உப்பும் சேர்த்து ஐந்து நிமிடம் விட்டால் நுரைத்து வரும். எண்ணெயும் எசன்ஸும் ஊற்றி, சலித்த மைதாவை இரண்டு தடவையாகச் சேருங்கள். மாவு மறைந்ததும் கிளறுவதை நிறுத்திவிடுங்கள்; அதற்குமேல் கிளறினால் கேக் ரப்பராகும். சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி போடலாமா என்று பலர் கேட்பார்கள். தாராளமாக. இந்தப் பருவத்தில் சாயல்குடிப் பக்கம் புதுக் கருப்பட்டியே கிடைக்கும், சாக்லேட்டோடு நன்றாகப் பொருந்தவும் செய்யும். நுணுக்கிச் சலித்துவிட்டுப் போடுங்கள், மண் நறநறக்கும்.

இந்த அளவை ஒருமுறை செய்து 7 அங்குல வட்டத் தட்டில் ஊற்றுங்கள், அது படகு. இன்னொரு முறை இரட்டிப்பாகச் செய்து 10 அங்குலத் தட்டில் ஊற்றுங்கள், அது கடல். இரண்டும் சேர்ந்து இரண்டு கிலோவை ஒட்டி வரும். ஆளுக்கு 60 கிராம் என்று வெட்டினாலும் முப்பது பிள்ளைகளுக்குப் போதும். அலங்காரம் செய்த கேக்கையே எல்லாருக்கும் போதுமான அளவில் பெரிதாகச் செய்யப் பார்ப்பதுதான் வீட்டில் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம்.

சின்னது குக்கரில் வேகும். ரப்பரையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, உள்ளே ஒரு ஸ்டாண்ட் வைத்து, மிதமான தீயில் பத்து நிமிடம் சூடாக்கிவிட்டுத் தட்டை இறக்குங்கள். பிறகு சிறு தீயில் 45 முதல் 50 நிமிடம். பெரியதுக்குக் குக்கர் பத்தாது, பிரியாணிச் சட்டியை எடுங்கள். அடுப்பின் தீ நடுவில் மட்டும் படாமல் இருக்க அடியில் பழைய தோசைக்கல் ஒன்றைப் போட்டு, அதன்மேல் சட்டியை வைத்து, மூடிமேல் கனம் ஏற்றுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். குச்சி குத்திப் பார்த்து, ஈர மாவு ஒட்டாமல் வந்தால் இறக்கலாம். இரண்டையும் முந்தின நாள் சாயங்காலமே செய்து ஆறவிட்டு மூடி வையுங்கள். அன்றைக்கே சுட்ட கேக் வெட்டும்போது உதிரும்.

இனி படகு கட்டுவது. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை என்பதால், வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர் என்றால் அந்த வாரம் கரையில்தான் இருப்பார். அவரையே கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அணியம், அதாவது படகின் முன்பக்கம், எவ்வளவு தூக்கலாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

சின்ன கேக்கை ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, மேலே உப்பியிருப்பதைச் சமமாகச் சீவிவிட்டு, நடுவில் சரிபாதியாக வெட்டுங்கள். இரண்டு அரைவட்டம் கிடைக்கும். ஒன்றின் முகத்தில் கனாஷ் தடவி மற்றதை ஒட்டுங்கள். நேராக வெட்டிய பக்கம் மேலே, வளைந்த பக்கம் கீழே வரும்படி நிமிர்த்தினால் படகின் உருவம் தெரியும். உருளாமல் உட்கார அடி வளைவில் ஒன்றரை சென்டிமீட்டர் சீவிவிடுங்கள். இரு முனைகளையும் பக்கவாட்டில் சரித்துச் செதுக்கினால் கூர்மை வரும். மேல்பக்கம் நடுவில் ஒரு விரல் ஆழத்துக்குக் குடைந்தால் தளம் ஆகிவிடும். குடைந்த தூளைக் கொஞ்சம் கனாஷில் பிசைந்து அணியத்தில் வைத்து உயர்த்துங்கள். அடியின் அளவுக்கு வெட்டிய அட்டையை ஃபாயில் சுற்றிக் கீழே கொடுத்துவிடுங்கள்.

முதலில் மெல்லிசாக ஒரு பூச்சு, தூள் ஒட்டிக்கொள்வதற்காக. இருபது நிமிடம் ஃப்ரிட்ஜ். பிறகு கனமான இரண்டாவது பூச்சு. சுடுதண்ணீரில் முக்கித் துடைத்த கத்தியால் வழித்தால் வழவழப்பாகும். முள்கரண்டியை நீளவாக்கில் இழுத்தால் பலகைக் கோடுகள் விழும். எனக்குக் கோடுகள்தான் பிடிக்கும், கை நடுங்கியது தெரியாது.

வலை செய்வது சுலபம். கொஞ்சம் ஒயிட் காம்பவுண்டை உருக்கி, மூலை வெட்டிய பால் கவரில் ஊற்றி, பட்டர் பேப்பரில் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து ஃப்ரிட்ஜில் பத்து நிமிடம் வைத்தால் உரித்து எடுக்கலாம். கவர் காய்ந்திருக்க வேண்டும். உருகிய சாக்லேட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் திரண்டுவிடும். அதே காரணத்தால் கேக்குக்குப் போடும் ஜெல் கலரை அதில் கலக்காதீர்கள். படகில் பதிவு எண் எழுதுகிற இடத்தில் அதே வெள்ளையால் பிள்ளையின் பெயரையும் 5 என்ற எண்ணையும் எழுதுங்கள். பக்கவாட்டில் டயர் தொங்குவதற்குச் சின்ன வட்ட சாக்லேட் பிஸ்கட், தளத்துக்கும் அறைக்கும் வேஃபர் பிஸ்கட்.

கடலுக்குப் பெரிய கேக்கின் மேலும் பக்கத்திலும் மில்க்மெய்டை மெல்லிசாகத் தடவி, நீல நிறம் ஏற்றிய உலர் தேங்காய்த் துருவலை ஒட்டுங்கள். பச்சைத் தேங்காய் வேண்டாம், இந்தச் சூட்டில் சாயங்காலத்துக்குள் புளித்துவிடும். துருவலை ஒரு கவரில் போட்டு, இரண்டு சொட்டு நீல ஜெல்லைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கசக்கினால் நிறம் பிடிக்கும். அடர் நீலத்துக்கு ஆசைப்பட்டால் முப்பது பிள்ளைகளின் நாக்கும் நீலமாகும். கலர் வேண்டாம் என்றால் வேலியில் பூக்கும் சங்குப்பூவைக் காயவைத்துச் சுடுதண்ணீரில் ஊற வையுங்கள், நல்ல நீலம் இறங்கும். எலுமிச்சை மட்டும் படாமல் பாருங்கள், ஊதாவாகிவிடும். நிறம் ஏற்றிய துருவலை நிழலில் உலர்த்திவிட்டுப் பயன்படுத்துங்கள். ஓரத்தில் கொஞ்சம் வெள்ளைத் துருவலை விட்டால் நுரை, பொடித்த மாரி பிஸ்கட்டைத் தூவினால் மணல். இந்தக் கடலுக்கு ஃப்ரிட்ஜே வேண்டாம். உங்கள் ஃப்ரிட்ஜில் ஒரு தட்டைக் கழற்றினால் படகு நிற்கும், அது போதும்.

அடுத்தது நம் ஊருக்கே உள்ள தொல்லை, வியர்ப்பது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் காற்றின் ஈரமெல்லாம் கேக்மேல் முத்து முத்தாகப் படியும். துடைக்காதீர்கள், தடம் விழும். படகை அட்டைப்பெட்டிக்குள் வைத்தே ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெளியே எடுத்த பிறகும் முக்கால் மணி நேரம் பெட்டியைத் திறக்காமல் விடுங்கள். ஈரம் பெட்டியின் மேல் போய்விடும். வேஃபர், ஜெம்ஸ் மாதிரியானவற்றை அதற்குப் பிறகே ஒட்டுங்கள். முன்னாடியே ஒட்டினால் வேஃபர் நமத்துப்போகும், ஜெம்ஸின் சாயம் ஒழுகும்.

வெட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு படகைக் கடலில் ஏற்றுங்கள். ஆடாமல் இருக்க அட்டையில் முன்கூட்டியே இரண்டு துளை போட்டு, நீளமான இரண்டு மூங்கில் குச்சியை மேலிருந்து அடி கேக் வரை செருகலாம். அவற்றிலேயே ஒன்றைக் கொடிமரமாக்கிக் காகிதக் கொடி ஒட்டிவிடுங்கள். பல்குச்சி எதையும் உள்ளே ஒளித்து வைக்க வேண்டாம், சின்னப் பிள்ளைகள் சாப்பிடுகிற பொருள். மொட்டை மாடியில் விழா வைப்பதாக இருந்தால் கேக்கை மட்டும் கீழே அறைக்குள் வெட்டிவிடுங்கள். கச்சான் காற்று எழும்பினால் மெழுகுவத்தி நிற்காது, நிஜ மணலும் வந்து விழும்.

குச்சிகளை உருவிவிட்டுப் படகை அமரம், அதாவது பின்பக்கத்திலிருந்து வெட்டுங்கள். அணியம் பிறந்தநாள் பிள்ளைக்கு. இந்தக் கேக் வெளியே மூன்று, நான்கு மணி நேரம் இருந்தால் பயமில்லை. மிச்சம் இருந்தால் டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு நாளைக்குள் தீர்த்துவிடுங்கள்.