விட்டம் மட்டும் போதுமா?

கேள்வி: என் மணிக்கட்டின் சுற்றளவு 16 செ.மீ. விலையுயர்ந்த கைக்கடிகாரம் ஒன்றை வாங்க எண்ணியிருக்கிறேன். 40 மி.மீ. விட்டம் எனக்குப் பெரிதாகத் தெரியுமா?

பதில்: விட்டத்தைவிட, பட்டை பொருந்தும் மேல், கீழ்க் கொம்புகளின் நுனிகளுக்கு இடைப்பட்ட நீளமே முக்கியம், அது மணிக்கட்டின் தட்டையான பரப்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால், எவ்வளவு விலை கொடுத்தாலும் இரவல் வாங்கிக் கட்டியதுபோலத்தான் இருக்கும். உங்கள் கைக்கு அந்நீளம் ஏறத்தாழ 46 மி.மீ.க்குள் இருப்பது நல்லது. விளிம்பு வளையம் மெலிந்து முகப்பு அகன்ற கடிகாரம், அதே விட்டமுள்ள, தடித்த வளையம் கொண்ட முக்குளிப்புக் கடிகாரத்தைக் காட்டிலும் பெரிதாகத் தோன்றும். சுவிஸ் கடிகார நிறுவனமான பட்டேக் பிலிப் 1932இல் வெளியிட்ட கலட்ராவா கைக்கடிகாரத்தின் விட்டமோ ஏறத்தாழ 31 மி.மீ.தான், அன்று அது ஆண்களுக்கான அளவே. கட்டிப் பார்க்கும்போது ஆளுயரக் கண்ணாடியில் பாருங்கள்; அருகிலிருந்து எடுக்கும் கைப்பேசிப் படம் கடிகாரத்தைப் பெருக்கிக் காட்டும்.