விளையாட்டு அறிவியல்: பழைய பதிப்பு போதுமா?

கேள்வி: இளநிலையில் வேறு பாடம் படித்துவிட்டு, விளையாட்டு அறிவியல் முதுநிலைப் படிப்பில் சேர்ந்திருக்கிறேன். மனித உடலியக்கம் பற்றி ஒருவரே எழுதிய பாடநூல் ஒன்றும், பலர் எழுதிய ஆய்வுக் கட்டுரைகளின் தொகுப்பு ஒன்றும் விற்பனைக்கு உள்ளன. தொகுப்பின் விலை இரு மடங்கு. பாடநூலின் பழைய பதிப்பு பாதி விலைக்கே கிடைக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: துறைக்குப் புதியவர் என்பதால் பாடநூலையே வாங்குங்கள். தொகுப்பு நூல்கள் அடிப்படை அறிந்தவர்களுக்காக எழுதப்படுபவை. திருப்புவிசை (மூட்டைச் சுற்றி உறுப்பைச் சுழலச் செய்யும் விசையின் விளைவு) என்றால் என்ன என்று அங்கே யாரும் நின்று விளக்க மாட்டார்கள். ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடும்போது அவற்றில் இரண்டொரு கட்டுரைகள் தேவைப்படலாம். அதற்கு நூலகம் போதும்.

பழைய பதிப்பைப் பற்றித்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எலும்புகளின் அமைப்பும் நியூட்டனின் விதிகளும் பத்தாண்டுகளில் மாறிவிடுவதில்லை; ஆகவே உடற்கூறு, இயந்திரவியல் பகுதிகளுக்குப் பழையது தாராளமாகப் போதும். உடலின் உறுப்புகள் எப்படிச் செயல்படுகின்றன என்று சொல்லும் உடலியங்கியல் பகுதி அப்படியல்ல. நூலின் சொல்லடைவில் லாக்டிக் அமிலம் என்ற பதிவைத் தேடி, அந்தப் பக்கத்தைப் படித்துப் பாருங்கள். கடும் பயிற்சிக்கு மறுநாள் வரும் தசைவலிக்கு அந்த அமிலம் தேங்குவதே காரணம் என்று எழுதியிருந்தால், அந்தப் பதிப்பை விட்டுவிடுங்கள். பயிற்சி முடிந்து ஓரிரு மணி நேரத்திலேயே இரத்தத்தில் உள்ள லாக்டேட் (அந்த அமிலம் உடலில் காணப்படும் வடிவம்) இயல்பு நிலைக்குத் திரும்பிவிடுகிறது. அதை இதயமும் பிற தசைகளும் எரிபொருளாகப் பயன்படுத்திக்கொள்கின்றன என்ற விளக்கம் 1980களிலிருந்தே வலுப்பெற்று வந்திருக்கிறது. பழக்கமில்லாத பயிற்சியில், குறிப்பாகச் சரிவில் இறங்கி ஓடும்போது, தசையிழைகளில் ஏற்படும் நுண்சிதைவோடுதான் மறுநாள் வலியை இன்று தொடர்புபடுத்துகிறார்கள்.

இன்னொரு சோதனையும் செய்யலாம். ஓடும்போது பாதத்தின் மீது தரை செலுத்தும் எதிர்விசை உடல் எடையைப்போல் 2 முதல் 3 மடங்கு இருக்கும் என்பதை எல்லா நூல்களும் சொல்லும். எந்த வேகத்தில், எந்தக் கருவியால் அளந்தார்கள் என்று சொல்லி, விசை எப்படி ஏறி இறங்குகிறது என்பதை வரைபடமாகவும் காட்டும் நூல்தான் உங்களுக்கு ஆய்வு செய்யவும் கற்றுத்தரும். நான் விலையைவிட இதற்கே முதலிடம் கொடுப்பேன்.

பழைய பிரதியை வாங்குவதானால், இணையப் பயிற்சிகளுக்கான கடவுக்குறியீடு முன்பே பயன்படுத்தப்பட்டதா என்று விற்பவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் ஒருவர் மட்டுமே, ஒரு முறை மட்டுமே அதைப் பயன்படுத்த முடியும்.