பைதான்ல ஒரு ஃபங்ஷன்ல வாங்கின வேல்யூவை இன்னொரு ஃபங்ஷன்ல எப்படி யூஸ் பண்றது? முதல் ஃபங்ஷன்ல ரிட்டர்ன் போட்டும் ரெண்டாவதுல நேம் எரர் வருது. குளோபல் (எல்லா ஃபங்ஷனுக்கும் பொதுவான வேரியபிள்) போட்டா ஓடுது, அப்படியே விட்டுடலாமா?

விட்டுடாதீங்க, இப்பவே மாத்திடுங்க, ரெண்டு வரி வேலைதான்.

நீங்க சொன்னபடி முதல் ஃபங்ஷன்ல இன்புட் வாங்கி விலைன்னு ஒரு வேரியபிள்ல வச்சிருக்கீங்க, கடைசில ரிட்டர்னும் போட்டிருக்கீங்க, அப்பவும் ரெண்டாவது ஃபங்ஷன்ல விலைன்னு எழுதுனா நேம் எரர், அதாவது அப்படி ஒரு பேரே தெரியலங்கிற எரர் வருது. புதுசா கத்துக்கிறவங்க நிறைய பேர் மாட்டுற இடம் இதுதான். ரிட்டர்ன் வெளிய அனுப்புறது மதிப்பை மட்டும்தான், பேரை இல்ல. அந்தப் பேர் ஃபங்ஷன் முடிஞ்சதும் போயிடும். கூப்பிட்ட இடத்துல அந்த மதிப்பை ஒரு பேர்ல பிடிச்சு வச்சு, அடுத்த ஃபங்ஷனுக்கு அடைப்புக்குறிக்குள்ள குடுக்கணும்:

விலை = விலை_வாங்கு()
பில்_போடு(விலை)

பைதான் 3ல பேரெல்லாம் தமிழ்லயே வைக்கலாம், அதனால இது அப்படியே ஓடும். பில்_போடு எழுதும்போது அடைப்புக்குறிக்குள்ள ஒரு பேர் வாங்கிக்கோங்க, அது விலைன்னுதான் இருக்கணும்னு இல்ல, தொகைன்னு வச்சாலும் சரிதான். இன்னொண்ணு, இன்புட் எப்பவும் ஸ்ட்ரிங்காதான், அதாவது எழுத்தாதான் வரும், இன்ட் போட்டு முழு எண்ணா மாத்தலன்னா 50ஐ 2ஆல பெருக்குனா 5050ன்னு வந்து நிக்கும்.

குளோபல் ஏன் வேணாம்னு சொல்றேன்னா, நான் கத்துக்க ஆரம்பிச்சப்போ அம்மாவுக்காக ஒரு பால் கணக்கு ஸ்கிரிப்ட் எழுதுனேன், தினம் ஒரு லிட்டர், லிட்டர் 50 ரூபா, மொத்தம்னு ஒரு குளோபல் வச்சு ஒவ்வொரு நாளா அதுல கூட்டிட்டே போனேன். ஜூனுக்கு 1500 சரியா வந்துச்சு. அதே ஓட்டத்துல ஜூலைக்கும் கூப்பிட்டேன், 1550 வர வேண்டிய இடத்துல 3050. எரரே வரல, அம்மாதான் நோட்டைப் பார்த்து இவ்வளவு ஆகாதேன்னாங்க. ஜூன் கணக்கு அந்த குளோபல்லயே உக்காந்திருக்கு, யாரும் அதை சைபர் ஆக்கல. மொத்தம் = 0ங்கிறதை ஃபங்ஷனுக்குள்ள கொண்டு போய் கடைசில ரிட்டர்ன் பண்ணதும் சரியாயிடுச்சு.

அதுக்காக வெளிய எதையுமே வைக்கக்கூடாதுன்னு இல்ல, லிட்டர் விலை மாதிரி ஓடும்போது மாறாததை மேல வச்சுக்கலாம், படிக்கிறதுக்கு குளோபல்னு எழுதவே வேண்டாம். ஆனா ஃபங்ஷனுக்குள்ள எங்கயாவது அதே பேருக்கு சமக்குறி போட்டீங்கன்னா அந்த ஃபங்ஷன் முழுக்க அதை லோக்கல்னு, அதாவது அந்த ஃபங்ஷனுக்கு மட்டும் உள்ள பேர்னு பைதான் எடுத்துக்கும், அதுக்கு முன்னாடி வரியில படிக்கப் போனா அன்பவுண்ட் லோக்கல் எரர்.

லிஸ்ட்ல மட்டும் கொஞ்சம் கவனமா இருங்க. லிஸ்டை ஃபங்ஷனுக்கு உள்ள அனுப்பி அப்பெண்ட் பண்ணா (கடைசில ஒண்ணு சேர்த்தா) வெளிய இருக்கிற அதே லிஸ்ட்தான் மாறும், உள்ளயே சமக்குறி போட்டு புது லிஸ்ட் வச்சா வெளிய இருக்கிறது மாறாது.

இப்போ குளோபல் வரிகளை எடுத்துட்டு மேல இருக்கிற மாதிரி மாத்தி ஓட்டிப் பாருங்க. மறுபடி நேம் எரர் வந்தா கடைசி வரியைப் படிங்க, எந்தப் பேர் கிடைக்கலன்னு அதுலயே போட்டிருக்கும்.