47 கீயில் ‘ச’ எங்கே?

கேள்வி: 47 கீ உள்ள சின்ன மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கினேன். தமிழ் 99 என்ற கீ அமைப்பில் தட்டுகிறேன். ‘ச’, ‘ஞ’ இரண்டுக்கும் கீயே இல்லை. ஆபீஸ் வேலைக்குக் கன்னடமும் வைத்திருப்பதால் விண்டோஸ்+ஸ்பேஸ் அழுத்தினால் எந்த மொழியில் நிற்கிறதென்றே தெரியவில்லை. கீபோர்டுக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரிலேயே தமிழை ஏற்றிவிட முடியாதா?
– வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: கீபோர்டு அனுப்புவது எந்தக் கீ என்ற எண்ணை மட்டும்தான். அதை ‘க’ ஆக்குவது விண்டோஸ். தமிழ் 99-இல் ‘ச’ இருப்பது இடது சதுர அடைப்புக் கீயில், ‘ஞ’ வலது அடைப்பில். உங்கள் கீபோர்டில் அவை இன்னொரு லேயரில் (ஒரு கீயைப் பிடித்தால் மாறும் அடுக்கில்) ஒளிந்திருக்கின்றன. ‘ச’ இல்லாமல் நாலு வரி எழுத முடியாது. அதற்கு ஒவ்வொரு தடவையும் லேயர் பிடிப்பது விரலுக்குக் கொடுமை.

க்யூஎம்கே என்ற கீபோர்டு ஃபர்ம்வேரில் தமிழுக்கென்று லேயர் 1 போடுங்கள். ‘ண’வுக்கு வலப்பக்கம் பேக்ஸ்பேஸ் இருக்குமே, அங்கே இடது அடைப்பை வையுங்கள். பெரிய கீபோர்டில் பழகிய சுண்டுவிரல் தானாகவே அங்கு போகும். பேக்ஸ்பேஸ், எஸ்கேப் கீ இருந்த இடத்துக்குப் போகட்டும். ‘ண’, ‘ச’ இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ‘ஞ’ வரும்படி காம்போ (இரண்டு கீ சேர்ந்தால் வேறொரு கீ) எழுதுங்கள். இடையில் புள்ளியோ உயிரோ இல்லாமல் ணவை ஒட்டிச் ச வருவது அபூர்வம். அதனால் இரண்டு கீக்கும் இடையே க்யூஎம்கே இயல்பாகத் தரும் 50 மில்லிசெகண்டே போதும், தவறி விழாது.

எஃப் கீயில் ‘தட்டினால் எழுத்து, பிடித்தால் கன்ட்ரோல்’ என்று வைத்திருந்தால் லேயர் 1-இல் அதை எடுத்துவிடுங்கள். தமிழ் 99-இல் அதுதான் புள்ளி. ‘வந்தான்’ என்று முடித்து வேகமாக ஸ்பேஸ் தட்டும்போது, சில அமைப்புகளில் புள்ளி விழாமல் கன்ட்ரோல்+ஸ்பேஸ் போய்விடும்.

மொழிக்கு விண்டோஸ்+ஸ்பேஸ் வேண்டாம். அது அடுத்த மொழிக்குத் தாவும். மூன்று மொழி இருந்தால் லேயரும் மொழியும் கட்டாயம் பிசகும். விண்டோஸின் மொழி ஹாட்கீ அமைப்பில் ஆங்கிலத்துக்கு இடது ஆல்ட்+ஷிஃப்ட்+1, தமிழுக்கு 2, கன்னடத்துக்கு 3 என்று தனித்தனியாகக் கொடுங்கள். பிறகு ஒவ்வொரு மொழிக்கும் ஒரு மேக்ரோ (ஒரே கீயில் பல வேலை): ஹாட்கீயை அனுப்பி, உரிய லேயருக்கும் போக வேண்டும். எத்தனை தடவை அழுத்தினாலும் அதே மொழிதான்.

கேள்வி: காலையில் கீபோர்டில் புது ஃபர்ம்வேரை ஏற்றினேன் (ஃபிளாஷ்), சரியாக வந்தது. மாலையில் கீமேப்பை (எந்தக் கீக்கு என்ன என்ற பட்டியலை) மாற்றி மறுபடி ஏற்றினேன், பழையதே வருகிறது. கீபோர்டில் ஆர்பி2040 சிப்; கீகளை மாற்ற வியா என்ற செயலி வைத்திருக்கிறேன்.
– வாசகி, ஜெயநகர், பெங்களூரு

பதில்: ஃபிளாஷ் ஆகியிருக்கும். வியா, கீமேப்பைத் தனியாக ஈஈபிராமில் (கரன்ட் போனாலும் அழியாத நினைவகத்தில்) வைத்துக்கொள்கிறது. ஃபர்ம்வேர் புதிதா என்று அது பார்ப்பது கட்டிய தேதியைத்தான், நேரத்தை அல்ல. அதனால் ஒரே நாளில் இரண்டாவது தடவை ஏற்றினால் பழைய கீமேப் அப்படியே நிற்கும். கேபிளைக் கழற்றி, மேல் இடது மூலைக் கீயை அழுத்திக்கொண்டே செருகுங்கள். ஃபர்ம்வேரில் இதற்கான பூட்மேஜிக் வசதி இருந்தால் ஈஈபிராம் அழிந்து, கம்ப்யூட்டரில் பென்டிரைவ் போல ஒரு டிரைவ் தெரியும். உங்கள் புது ஃபர்ம்வேரின் யூஎஃப்2 கோப்பை அதில் போடுங்கள். டிரைவ் தானாக மறைந்தால் முடிந்தது. வியாவில் நீங்கள் செய்த மாற்றங்களும் போய்விடும், முதலில் சேமித்துக்கொள்ளுங்கள். டிரைவே தெரியவில்லையா? சிப் உள்ள போர்டில் இருக்கும் பூட் பொத்தானை அழுத்தியபடி செருகிப் பாருங்கள். அதற்கும் வராவிட்டால் கேபிளை மாற்றுங்கள்; சார்ஜுக்கு மட்டுமான கேபிளில் டேட்டா கம்பியே இருக்காது. எஸ்.பி. ரோடில் வாங்கும்போது டேட்டா கேபிள் என்று கேட்டு வாங்குங்கள்.