வெயில் மண்டலத்துப் பனியில் வருஷக் கணக்கு

கேள்வி: வெப்பமண்டல மலைகளில் பனியைத் துளைத்து எடுத்து, பல நூறு வருஷத்து மழை, வறட்சியை எல்லாம் சொல்கிறார்களே, எப்படி? பனியில் தேதி எழுதியா இருக்கிறது?

பதில்: கிட்டத்தட்ட எழுதித்தான் இருக்கிறது. பெரு நாட்டின் கெல்காயா பனிமுகடு 5,600 மீட்டருக்கு மேலே இருக்கிறது. மழைக்காலத்தில் அங்கே சுத்தமான பனி விழும், வறண்ட மாதங்களில் காற்று புழுதியைக் கொண்டுவந்து அதன்மேல் படிய வைக்கும். ஒரு வெள்ளைப் பட்டை, ஒரு அழுக்குப் பட்டை, அவ்வளவுதான், ஒரு வருஷம் ஆயிற்று. 1983-ல் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் லானி தாம்சன் குழு, சூரிய மின்சாரத்தில் ஓடும் துளைக்கருவியை மேலே ஏற்றி, அடிப்பாறை வரை 150 மீட்டருக்கும் மேல் துளைத்து உருளை உருளையாகப் பனியை எடுத்தது. சுமார் 1,500 ஆண்டுகளின் கணக்கு அதில் கிடைத்தது. எண்ணியது சரிதானா என்று பார்க்கவும் வழி உண்டு: 1600-ல் அதே நாட்டில் வைனபுட்டினா எரிமலை வெடித்தபோது பறந்த சாம்பல் அந்தப் பனிக்குள் இருக்கிறது.

பட்டை மெலிந்திருந்தால் அந்த வருஷம் பனி குறைவாக விழுந்தது என்று பொருள். எல் நினோ வருஷங்களில், அதாவது பசிபிக் கடலின் நடுக்கோட்டுப் பகுதி வழக்கத்தைவிடச் சூடாகும் வருஷங்களில், பெரும்பாலும் அப்படித்தான். பனியில் கன ஆக்சிஜன், அதாவது சாதாரண ஆக்சிஜனைவிட அணு எடை கொஞ்சம் கூடிய வகை, எவ்வளவு என்றும் அளக்கிறார்கள், ஆனால் இங்கே கொஞ்சம் கவனம் வேண்டும். அட்லாண்டிக் கடலில் கிளம்பும் ஈரம் அமேசான் காடு முழுக்க மழையாகக் கொட்டிக்கொண்டே வருகிறது, கன ஆக்சிஜன் கொண்ட நீர் வழியிலேயே அதிகம் விழுந்துவிடுவதால் மலைக்கு வந்து சேர்வது லேசான நீர். அதனால் துருவப் பனியில் செய்வதைப் போல இந்த எண்ணை வெறும் வெப்பமானியாகப் படிக்கக் கூடாது, மழையின் அளவும் அதில் கலந்திருக்கிறது.

சுமார் 1500 முதல் 1900 வரை குளிர் கூடி நீடித்த ‘சிறு பனிக்காலம்’ இந்த உருளைகளில் தெளிவாகத் தெரிந்ததுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. அது ஐரோப்பாவோடு முடிந்துபோன சமாச்சாரம் இல்லை என்பதற்குத் தெற்கிலிருந்து கிடைத்த சாட்சி அல்லவா!

மனதை உறுத்துவது அப்புறம் நடந்ததுதான். 1991-ல் அதே முகட்டுக்குப் போய்ப் பார்த்தால், உருகிய நீர் உள்ளே இறங்கி, மேலடுக்குகளில் பருவங்களின் அடையாளமே கலங்கிப் போயிருந்தது. ஓரங்களில் பனி பின்வாங்கிய இடத்தில் செடிகள் வெளியே வந்தன, வேரோடு, முளைத்த இடத்திலேயே. கார்பன் முறையில் வயது பார்த்தால் சுமார் 5,000 ஆண்டுகள். அதாவது, அத்தனை காலமாக அந்த இடத்தை விட்டு விலகாமல் இருந்த பனி அது.