பிள்ளையும் குட்டியும் சேர்ந்து பழகுமா?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. போன சித்திரை விடுமுறையில் நுவரெலியாவில், கிரகரி வாவிக் கரையில் குதிரை ஏறிவிட்டு வந்ததிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறாள். இப்போது தெரிந்த ஒருவர் மூலம் இரண்டு வயது ஆண் குதிரைக்குட்டி ஒன்று மலிவாக வருகிறது. இன்னும் யாரும் அதன்மேல் ஏறவில்லை. “பிள்ளையும் குட்டியும் சேர்ந்தே பழகிவிடும்” என்கிறார் விற்பவர். கனடாவில் இருக்கும் மச்சான் காசு தருவதாகச் சொல்கிறார். எங்களுக்கு ஆறு பரப்பு வளவு உண்டு. வாங்கலாமா?
— ஒரு தகப்பன், சுன்னாகம்

பதில்: தம்பி, வாங்க வேண்டாம். குதிரையே கூடாது என்று நான் சொல்லவில்லை. இந்தக் குட்டி, இந்தப் பிள்ளைக்கு, இப்போது வேண்டாம்.

மாட்டுவண்டிச் சவாரி பார்த்து வளர்ந்த ஊர் நம்முடையது. புது நாம்பனைப் பழகின மாட்டோடு பூட்டித்தான் பழக்குவார்கள். என் பெரியப்பா ஒருமுறை அவசரப்பட்டு, பழகாத நாம்பன் இரண்டை ஒன்றாகப் பூட்டினார். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரன் ஹோர்ன் அடித்ததுதான் தாமதம், வண்டி பக்கத்து வளவுக் கிடுகு வேலிக்குள் போய் நின்றது. பெரியப்பாவுக்குத் தோள்மூட்டு விலகியது. வேலி அடைத்துக் கொடுத்த செலவு வேறு. உங்கள் வீட்டில் முதுகின்மேல் இருக்கப்போவது உங்கள் மகள். குதிரை, பயந்தால் முதலில் ஓடும். என்னவென்று பிறகுதான் பார்க்கும். ஒரு சொப்பிங் பை காற்றில் பறந்தாலே போதும். பழகின குதிரை இரண்டடி விலகிவிட்டு நிற்கும், பழகாத குட்டிக்கு அந்த நிதானம் வராது. அதை அடக்கத் தெரியாத பிள்ளையும் பயந்து கடிவாளத்தை இழுப்பாள். இதில் யார் யாரைப் பழக்குவது?

இன்னொன்று, வயது. இரண்டு வயது என்று விற்பவர் சொன்னால் போதாது, வாயைத் திறந்து பாருங்கள். மாட்டுக்குப் பல் பார்க்கத் தெரிந்தவருக்கு இது கஷ்டமில்லை. மாட்டுக்கு மேல்வாயில் முன்பல் கிடையாது, குதிரைக்கு உண்டு. கடி வாங்கினால் வித்தியாசம் தெரியும்! பால்பற்கள் சின்னதாக, வெள்ளையாக இருக்கும். நடுப்பற்கள் சுமார் இரண்டரை வயதிலும், அடுத்தவை மூன்றரையிலும், ஓரப்பற்கள் நாலரையிலும் விழுந்து முளைக்கும். ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். ஆனால் முள்ளந்தண்டு எலும்பு முழுதாக முற்ற ஐந்தரை, ஆறு வயதாகும். இரண்டு வயதில் ஆள் ஏறினால் அதன் நாரி பழுதாகலாம்.

சரி, பொறுமையாக வளர்த்து, நாலு ஐந்து வயதில் ஏறலாம் என்று வைப்போம். அப்போது மகளுக்கு 15, 16 வயது. சாதாரண தரப் பரீட்சை, காலையும் மாலையும் டியூசன். அப்புறம் உயர்தரம், அதற்குப் பிறகு பல்கலைக்கழகம் எந்த ஊரில் கிடைக்குமோ. குதிரையோ 25, 30 வருடம் இருக்கும் பிராணி. சாணி அள்ளப்போவது நீங்கள்தான். மச்சான் வாங்கத்தான் காசு தருகிறார், மாதா மாதம் தருவாரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தீனி விஷயத்தில் நம் ஆட்கள் பிழை விடுகிற இடம் ஒன்று உண்டு. குதிரையை மாடு மாதிரி நினைப்பது. 300 கிலோ குதிரைக்கு நாளுக்கு ஐந்தாறு கிலோ காய்ந்த புல் வேண்டும், தண்ணீர் 15 முதல் 25 லீட்டர், வெயில் காலத்தில் இன்னும் கூட. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தீனியைத் திடீரென்று மாற்றினால் வயிற்றுக்குத்து வந்து, ஓர் இரவிலேயே செத்தும் போகலாம். கோழித்தீனிலும் சில மாட்டுத்தீனிலும் சேர்க்கும் மொனென்சின் என்ற மருந்து கொஞ்சம் போனாலே குதிரையின் இதயத்தைப் பழுதாக்கும். ஆகவே மிச்சமிருக்கும் மாட்டுத்தீனைக் கொட்டிவிடலாம் என்ற எண்ணம் வேண்டாம். துருப்பிடித்த ஆணி குத்தினால் ஏற்பு நோய் குதிரைக்கு மற்றப் பிராணிகளைவிடச் சுலபமாக வரும், அதற்கு ஊசி போட வேண்டும். ஆறேழு கிழமைக்கு ஒருமுறை குளம்பும் வெட்ட வேண்டும். குதிரை பார்த்துப் பழகிய மிருக வைத்தியர் ஒருவர் கிடைப்பாரா என்பதை, குட்டியைப் பார்க்கப் போகுமுன் விசாரியுங்கள்.

மகளின் ஆசை நிலைக்கிறதா என்று ஒரு வருடம் பாருங்கள். விடுமுறைகளில் பழக்குபவர் ஒருவரிடம் விடுங்கள். ஏறுவதற்கு மட்டும் இல்லை, லாயம் கூட்டவும் குளம்பு துப்புரவாக்கவும். அதற்குப் பிறகும் கேட்டால் பத்துப் பன்னிரண்டு வயதான, காயடித்த, சாந்தமான குதிரையாகத் தேடலாம். பார்க்கப் போகும்போது கழுவிச் சேணம் போட்டு நிறுத்தி வைத்ததைப் பார்த்து மயங்க வேண்டாம். உங்கள் கண்முன்னே பிடித்துக் கட்டச் சொல்லுங்கள், பின்கால் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள், விற்பவரையே முதலில் ஏறச் சொல்லுங்கள். அவர் தயங்கினால் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

“அப்போ நெடுந்தீவில் கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளில் ஒன்றைப் பிடித்து வரலாமே” என்று யாராவது சொல்வார்கள். அந்தக் குதிரைகளைத் தீவுக்கு வெளியே கொண்டுவரத் தடை உண்டு. ஆனால் பார்க்கலாம். குறிகட்டுவானில் காலைப் படகு எடுத்தால் ஒரு மணித்தியாலம்தான். மகளைக் கூட்டிப் போங்கள். குடிக்கத் தண்ணீரும் தொப்பியும் மறக்க வேண்டாம்.