ருமேனியப் படங்கள் எல்லாம் ஏன் இவ்வளவு சோகமாக இருக்கின்றன? அந்த ஊர்க்காரர்களுக்குச் சிரிக்கவே தெரியாதா?

இப்படி ஒரு கேள்வியைப் பார்த்த பிறகு பேசாமல் போக மனசு வரவில்லை. நான்கு வருடம் அந்த நாட்டில் சோறு தின்றவன் நான். கருங்கடல் கரையில் கான்ஸ்தான்ட்ஸா என்ற துறைமுக ஊரில், ஒரு கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சினிமா ஆராய்ச்சியாளன் இல்லை. "வெல்டருக்கு உலக சினிமா எதற்கு" என்று பின்னூட்டம் போட வருபவர்கள் இங்கேயே நின்றுகொள்ளலாம்.

நீங்கள் என்ன பார்த்திருப்பீர்கள் என்று ஊகிக்க முடிகிறது. 2007-இல் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருது வாங்கிய கிறிஸ்தியன் முஞ்ஜியூவின் படம். உடம்பு முடியாத கிழவரை ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஆம்புலன்சில் இழுத்துக்கொண்டு திரியும் 2005-ஆம் வருடப் படம். பார்த்துவிட்டு இரண்டு நாள் தூங்கியிருக்க மாட்டீர்கள். ஆனால் அந்தக் கிழவர் படத்தை ருமேனியர்களோடு உட்கார்ந்து பார்த்தால் பாதி இடங்களில் அவர்கள் சிரிப்பார்கள். டாக்டர் திட்டுவதற்குச் சிரிப்பார்கள், நர்ஸ் காபி குடிப்பதற்குச் சிரிப்பார்கள். அவர்களிடம் "ஹாஸ் தே நெகாஸ்" என்று ஒரு பேச்சு உண்டு. வந்த துன்பத்தையே எடுத்து வேடிக்கை ஆக்கிவிடுவது. உடனே யாரும் "இடுக்கண் வருங்கால் நகுக" என்று ஆரம்பிக்க வேண்டாம். இது வேறு. வள்ளுவர் துன்பத்தை ஜெயிக்கச் சிரிக்கச் சொல்கிறார், இவர்கள் ஜெயிக்க முடியாது என்று தெரிந்து சிரிக்கிறார்கள்.

உங்களுக்கு வந்து சேராத படங்கள்தான் அங்கே வீட்டுக்கு வீடு ஓடுகின்றன. ருமேனியாவில் இதுவரை அதிகம் பேர் டிக்கெட் வாங்கிப் பார்த்த படம் எது தெரியுமா? 1979-இல் வந்த "நேயா மெரின் மிலியர்தார்". செர்ஜியு நிக்கொலாயெஸ்கு எடுத்தது. முழுக்க முழுக்கக் காமெடி. ஏறக்குறைய 1 கோடியே 46 லட்சம் டிக்கெட். அன்றைக்கு நாட்டின் மொத்த ஜனத்தொகையே 2 கோடியே 20 லட்சம்தான்.

கதை ரொம்பச் சாதாரணம். ஓல்தேனியா என்ற தென்மேற்குச் சீமைக் கிராமத்துக்காரர் மெரின், கடற்கரை சுற்றுலா ஊருக்கு வருகிறார். அச்சு அசலாக அவரைப் போலவே இருக்கும் அமெரிக்கக் கோடீஸ்வரர் ஒருவரும் அங்கே வருகிறார், பெட்டி நிறைய டாலரோடு. ஆள் மாறாட்டம், கொள்ளைக் கும்பல், ஓட்டம். இரண்டு வேடமும் ஆம்சா பெல்லேயா என்ற நடிகர். இதே மனிதர்தான் இதே இயக்குநரிடம் பன்னிரண்டு வருடம் முன்னால் பழங்கால டாசியா நாட்டு அரசன் தெசெபாலாக வந்து ரோமாபுரிப் படையை எதிர்த்தவர், பிறகு மிஹாய் விதேயாசுல் என்ற வீர மன்னனாக வாளெடுத்தவர். ராஜா வேடத்தில் கும்பிட்ட முகத்தை ஒரு பட்டிக்காட்டார் முகமாகவும் ஜனங்கள் ஏற்றுக்கொண்டார்கள். அதற்கும் மேலாகவே கொண்டாடினார்கள்.

"நேயா" என்பது பெயர் இல்லை. தன்னைவிட மூத்த ஆணை ஊர்ப் பழக்கத்தில் கூப்பிடும் சொல். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து "அண்ணாச்சி"தான் இதற்குச் சரி. ஆக, கோடீஸ்வரர் மெரின் அண்ணாச்சி.

இந்தப் படத்தை எனக்குக் காட்டியவர் எங்கள் தளத்தில் கிரேன் ஓட்டிய ஒரு பெரியவர். அவரை நான் மனசுக்குள் கிரேன் அண்ணாச்சி என்றுதான் சொல்லிக்கொள்வேன். ஓல்தேனியாக்காரர். ஆம்சா பெல்லேயா பிறந்த பெய்லேஷ்டி ஊருக்குப் பக்கத்துக் கிராமம். 2020 ஜனவரி 1, தளம் விடுமுறை, ஹாஸ்டலில் ஹீட்டர் சரியாக வேலை செய்யவில்லை. "இந்தக் குளிரில் தனியாக என்ன செய்வாய், வீட்டுக்கு வா" என்று கூட்டிப் போனார். அவர் சம்சாரம் கோஸ் இலையில் சோறும் கறியும் சுருட்டி வேக வைத்த சர்மாலே போட்டார். டிவியில் இந்தப் படம். பண்டிகை நாள் என்றால் அங்கே இப்படிப் பழைய காமெடி ஏதாவது ஒன்று வரும். வராவிட்டால்தான் அதிசயம்.

எனக்கு அப்போது ருமேனிய மொழியில் எண்ணும் கெட்ட வார்த்தையும் மட்டும்தான் தெரியும். அண்ணாச்சி ஒவ்வொரு வசனத்தையும் நடிகர் சொல்வதற்கு ஒரு நொடி முன்னால் தானே சொல்லிவிடுவார். அப்புறம் என் பக்கம் திரும்பி, கையால் காட்டி, போனில் மொழிபெயர்த்து, அந்த ஜோக்கை விளக்குவார். விளக்கி முடிப்பதற்குள் அடுத்த மூன்று ஜோக் ஓடிவிடும். சம்சாரம் அடுப்படியிலிருந்து கத்தினார். நான் அன்றைக்குப் படத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அந்த மனிதர் நாற்பது வருடமாகத் தெரிந்த ஜோக்குக்குக் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பதைப் பார்த்துத்தான் சிரித்தேன்.

அவர் எனக்கு விளக்கியதில் ஒன்று மட்டும் நன்றாகப் பதிந்தது. மெரின் அண்ணாச்சி ஏன் வேடிக்கை என்றால் அவர் பேச்சுதான். மற்ற ஊர்க்காரர்கள் "வந்தேன்" என்பதற்கு "ஆம் வெனித்" என்பார்கள். ஓல்தேனியாக்காரர்கள் சற்று முன் நடந்ததற்கு "வெனிய்" என்பார்கள். இந்த இறந்தகால வடிவம் மற்ற சீமைகளில் பேச்சில் பெரும்பாலும் கிடையாது, கதைப் புத்தகத்தில்தான் இருக்கும். அதாவது புத்தகத்தமிழ் மாதிரி ஒன்று பட்டிக்காட்டு வாயில் சாதாரணமாக வருகிறது. அதைக் கேட்டால் தலைநகரத்துக்காரனுக்குச் சிரிப்பு.

இங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. வெளிநாடு போவதற்கு முன் சென்னைப் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் யார்டில் இரண்டு வருடம் இருந்தேன். "பையப் போடுங்க, தீப்பொறி தெறிக்கும்" என்று நான் சொன்ன நாளிலிருந்து அங்கே என் பெயரே "பைய" ஆகிவிட்டது. பைய என்றால் மெதுவாக. "பைய நகும்" என்று குறளிலேயே இருக்கிறது. ஆனால் மேஸ்திரிக்கு அது தெரியுமா? நான் வாயைத் திறந்தாலே நாலு பேர் சிரிப்பார்கள். ஆறே மாதத்தில் என் பேச்சை மாற்றிக்கொண்டேன். இப்போது வீட்டுக்குப் போன் செய்தால் அம்மா, "யாரு பேசுதா?" என்கிறாள்.

ஆம்சா பெல்லேயா மாற்றிக்கொள்ளவில்லை. நாடகம் படித்தவர், புக்கரெஸ்டில் பெரிய மேடைகளில் நடித்தவர், செந்தமிழ் மாதிரி சுத்தமான ருமேனிய மொழியில் ராஜா வசனம் பேசியவர். ஆனாலும் ரேடியோவிலும் டிவியிலும் மெரினாக வரும்போது பெய்லேஷ்டி வாயோடுதான் வந்தார். படத்திலும் பாருங்கள், பட்டிக்காட்டார் என்று மெரினை நினைப்பவன்தான் ஏமாறுகிறான். அண்ணாச்சி ஏமாறுவதில்லை. 1983-இல் இறந்தபோது ஆம்சாவுக்கு ஐம்பத்திரண்டு வயதுதான்.

"அது சௌசெஸ்குவின் கம்யூனிஸ்ட் ஆட்சி எடுத்த விளம்பரப் படம் அல்லவா" என்று ஒருவர் நிச்சயம் வருவார். ஆமாம், படத்தில் ஹோட்டல் பளபளக்கும், கடற்கரையில் எல்லோரும் சந்தோஷமாக இருப்பார்கள். இரண்டு வருடத்தில், 1981-இல், ரொட்டிக்கு ரேஷன் வந்தது. பின்னால் டிவியையே வார நாட்களில் இரண்டு மணி நேரமாக வெட்டினார்கள், அதிலும் பெரும்பகுதி தலைவர் புகழ். இதெல்லாம் கிரேன் அண்ணாச்சிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், வரிசையில் நின்றவர் அவர். அவரிடம் இதைக் கேட்டேன். "வரிசையில் நிற்கும்போது மெரின் மாதிரிதான் பேசிக்கொண்டு நின்றோம்" என்றார். எனக்கு அது போதும்.

இந்த இடத்தில் சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த நாட்டுக்குப் போக நான் ஏஜென்டுக்குக் கட்டியது மூன்றரை லட்சம். சொன்ன சம்பளம் 800 யூரோ, கையில் வந்தது 550. கேட்டால் "டாக்ஸ், ரூம், சாப்பாடு" என்று கணக்கு. ஒப்பந்தம் எந்த மொழியில் இருக்கிறது என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். நான் போட்டேன். என் அக்கா வளையல் இன்னும் அடகில்தான் இருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

என்னை ரொம்பப் பாதித்த நடிகர் மெரின் அண்ணாச்சி இல்லை, பிர்லிக். உண்மைப் பெயர் கிரிகோரே வாசிலியு. ஒரு நாடகத்தில் நடித்த வேடத்தின் பெயர் ஆளோடு ஒட்டிக்கொண்டது. 1957-இல் வந்த "தோவெ லோசுரி", அதாவது இரண்டு லாட்டரிச் சீட்டு. இயோன் லூகா கராஜியாலே எழுதிய சிறுகதை. லெஃப்தெர் போபெஸ்கு என்ற குமாஸ்தா. லெஃப்தெர் என்றாலே அவர்கள் மொழியில் கையில் காசில்லாதவன். கடன் வாங்கிய பணத்தில் எடுத்த இரண்டு சீட்டுக்கும் பரிசு விழுந்துவிட்டது, ஆனால் சீட்டைக் காணோம். சீட்டு இருந்த பழைய கோட்டை அவர் சம்சாரம் தெருவில் வந்த பெண்ணிடம் போட்டுத் தட்டு வாங்கிவிட்டாள். பழைய துணிக்குப் பாத்திரம்! நம் தெருவில் கேட்ட சத்தம் அல்லவா? லெஃப்தெர் அந்தத் தட்டுகளை எடுத்துப் போட்டு உடைப்பார். அந்த இடத்தில் பிர்லிக்கின் முகத்தைப் பாருங்கள். சிறிய உருவம், பெரிய மூக்கு, கோபப்படத் தெரியாத ஒரு மனுஷனின் கோபம். கடைசியில் சீட்டு ஆபீசிலேயே கிடைக்கிறது. வேலையை உதறிவிட்டு வங்கிக்காரரிடம் போகிறார். அவர் பார்த்துவிட்டுச் சொல்கிறார்: நம்பர் இரண்டும் சரிதான், ஆனால் இந்த லாட்டரியில் விழுந்தது அந்த லாட்டரிச் சீட்டின் நம்பர், அந்த லாட்டரியில் விழுந்தது இந்தச் சீட்டின் நம்பர். "விச்சேவெர்சா!"

மூன்றரை லட்சம் கட்டி ஐந்நூற்றைம்பது யூரோ வாங்குகிறவன் இதைப் பார்த்தால் சிரிப்பானா அழுவானா? நான் சிரித்தேன். இதற்கு மட்டும் கிரேன் அண்ணாச்சி விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை. ஒன்றை மறைக்கக்கூடாது, அந்தத் துணி வாங்கும், ரோமா என்ற சிறுபான்மை இனப் பெண்களைக் கதை நடத்துகிற விதம் இன்று பார்க்கக் கூசும். அதையும் தெரிந்துகொண்டு பாருங்கள்.

தோமா கராஜியு பற்றிச் சொல்லாவிட்டால் அண்ணாச்சி கோபித்துக்கொள்வார். கதாசிரியர் கராஜியாலேயோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இவர் நடிகர், கிரீஸ் நாட்டில் ஆரோமானியர் என்ற சிறுபான்மை இனக் குடும்பத்தில் பிறந்தவர். 1975-இல் வந்த "ஆக்தோருல் ஷி செல்பாத்திச்சீ" படத்தில், பாசிஸ்டுகள் மிரட்டியும் மேடையில் கிண்டலை நிறுத்தாத ஒரு காமெடி நடிகராக வருவார். கோன்ஸ்தாந்தின் தெனாசே என்ற நிஜ மேடை நடிகரை வைத்து எழுதிய வேடம் அது. புத்தாண்டு ராத்திரி டிவியில் தோமா கராஜியு வந்தால் தெருவே காலியாகும் என்பார் அண்ணாச்சி. 1977 மார்ச் 4 ராத்திரி 9:22-க்கு ருமேனியாவில் பெரிய நிலநடுக்கம். 1,500 பேருக்கு மேல் செத்தார்கள், பெரும்பாலும் புக்கரெஸ்டில். இடிந்த கட்டடம் ஒன்றில் கராஜியுவும் இருந்தார். வயது ஐம்பத்தொன்று. அண்ணாச்சிக்கு அப்போது பதினைந்து வயது. ஊரில் சுவர் விழுந்ததைவிட இந்தச் செய்திக்குத்தான் அவர் அப்பா அழுதாராம்.

டெம் ரெடுலெஸ்கு, ழான் கான்ஸ்தான்தின், ஸ்தேலா போபெஸ்கு, மரின் மொராரு என்று இன்னும் நிறையப் பேர். ழான் கான்ஸ்தான்தின் எங்கள் கான்ஸ்தான்ட்ஸாக்காரர். 1977-இல் வந்த ஒரு பாய்மரக் கப்பல் டிவி தொடரில் இஸ்மாயில் என்ற சமையல்காரராக வருவார். எங்கள் தளத்து கேன்டீன்காரருக்கும் அதுதான் பட்டப்பெயர். மற்றவர்களை நீங்களே தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் கதையை முடித்துவிடுகிறேன். அண்ணாச்சியிடமும் மெரின் துண்டு வீடியோக்களிலும் மொழி கற்றால் என்ன ஆகும்? இரண்டாவது வருடம் தங்கும் அட்டை புதுப்பிக்கப் போனேன். கவுன்டரில் இருந்த அம்மா எப்போது வந்தாய், வரிசையில் நின்றாயா என்று கேட்டார். நான் ரொம்ப மரியாதையாக "அக்கும் வெனிய்" என்றேன். இப்போதுதான் வந்தேன் என்று. அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஒரு வெள்ளைக்காரர் பாளையங்கோட்டை தாலுகா ஆபீசில் வந்து "இப்பந்தாம்ல வாரேன்" என்றால் எப்படி இருக்கும்? அப்படித்தான். உள்ளே இருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை சொல்" என்றார். சொன்னேன். மூன்று பேரும் சிரித்தார்கள். எனக்குச் சென்னை யார்டு ஞாபகம் வந்து காது சூடானது. ஆனால் அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பெய்லேஷ்டியில் எந்தத் தெரு நீ?" என்று கேட்டார். அவரும் ஓல்தேனியாக்காரராம். இருபது வருடமாகக் கவுன்டரில் உட்கார்ந்து பேச்சை மாற்றிக்கொண்டவராம். அன்றைக்கு என்னிடம் முழுக்க ஊர்ப் பேச்சிலேயே பேசினார். எனக்குப் பாதிதான் புரிந்தது.

நீங்கள் ஆரம்பிப்பதானால் பிர்லிக் படத்தில் ஆரம்பியுங்கள். மெரின் படத்தைச் சப்டைட்டிலை நம்பிப் பார்க்காதீர்கள், பாதி சிரிப்பு அந்த "வெனிய்"யில்தான் இருக்கிறது, அதை யாரும் மொழிபெயர்க்கவில்லை. யாராவது ஓல்தேனியாக்காரர் பக்கத்தில் இருந்தால் நல்லது. ஆனால் அவரை விளக்கவிடாதீர்கள்.

நான் ஊர் திரும்பி இரண்டு வருடம் ஆகிறது. இந்த ஜனவரி 1 அன்றும் அண்ணாச்சியிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. டிவி, அதில் ஆம்சா பெல்லேயா, ஓரத்தில் சர்மாலே தட்டு. கீழே ஒரே வார்த்தை: "வெஸூஷ்?" பார்த்தியா என்று. "வெஸூய்" என்று பதில் போட்டேன்.